லேத்துக்குப் போகாத போல்ட்

கோயமுத்தூர் முழுக்கச் சல்லடை போட்டதில் அந்தப் போல்ட் நாலே நாலுதான் தேறியது. நாலும் தனபாலின் சட்டைப் பைக்குப் போய்விட்டன.

"நடக்கும்போது சலங்கைச் சத்தம் வருதுங்க சார்," என்றாள் கிருபா. "ஆளைத் தேடிப் போற மாதிரி இல்லை. அரங்கேற்றத்துக்குப் போற மாதிரி இருக்கு."

தனபால் சிரிக்கவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் பத்து வருடம் விபத்து வண்டிகளைப் பரிசோதித்தவன். நசுங்கிய கார்களையும் அவற்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனிதர்களையும் பார்த்துப் பார்த்து, முகத்தில் எதையும் காட்டாத பழக்கம் வந்துவிட்டது. வேலையை விட்டுக் காந்திபுரத்தில் 'தனியார் துப்பறிவு நிலையம்' என்று போர்டு மாட்டிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. டைப்பிஸ்ட் வேலைக்கு வந்த கிருபா, மூன்றாம் நாளே உதவியாளராகிவிட்டாள். டைப் அடித்துக்கொண்டே வாயை மூட முடியவில்லை என்பது அவள் சொன்ன காரணம்.

இப்போது இருவரும் உக்கடத்தில், ரசாக்கின் பழைய உதிரி பாகக் கடைக்குள், அடுக்கி வைத்த ரேடியேட்டர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேலே கம்பியில் ஸ்டியரிங் சக்கரங்கள் வரிசையாகத் தொங்கின. வெளியே புதன்கிழமைக் காலை வெயில் பழைய இரும்பின் மேல் காய்ந்துகொண்டிருந்தது.

"போல்ட் கேட்ட பொண்ணு வருவாளா பாய்?" என்று கேட்டான் தனபால்.

"இன்னைக்கு வான்னு சொல்லியிருக்கேன். வரும்," என்றார் ரசாக். அறுபது வயது, வெள்ளைத் தாடி, கிரீஸ் படிந்த விரல்கள். "ஆனா ஒண்ணு சார். முப்பது வருஷமா கடை வெச்சிருக்கேன். என்கிட்ட இருக்கிற சரக்கை விலைக்கு வாங்கிட்டு, யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லச் சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

"அவர் அப்படித்தான் பாய்," என்றாள் கிருபா. "ஓட்டலுக்குப் போனாலும் பில்லை வாங்கிப் படிச்சிட்டு, தண்ணி குடிச்சிட்டு வந்துருவாரு."

பத்து நாளுக்கு முன் அலுவலகப் படியேறி வந்தவர் வெள்ளியங்கிரி. ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை. அவரும் அவர் அண்ணன் சென்னிமலையும் சேர்ந்து தொடங்கியது. போன வருடம் தை மாதம் சென்னிமலை தன்னுடைய இளநீல ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரில் கிளம்பிப் போனவர், திரும்பி வரவில்லை.

"நங்கையாவை ஈரோட்டுல பஸ் ஏத்திவிட்டுப்போட்டு, வடக்கே மிஷின் பார்க்கப் போறேன்னு போனாருங்க," என்றார் வெள்ளியங்கிரி. அண்ணன் மனைவி வள்ளியாத்தாளைத்தான் அவர் நங்கையா என்றார். "போனும் இல்லை, கடுதாசியும் இல்லை. கேட்டா 'வருவாரு'ங்கிறாங்க. ஒன்றரை வருஷமா அந்த ஒரே வார்த்தைதானுங்க."

"இவ்வளவு நாள் கழிச்சு இப்ப ஏன் தேடறீங்க?"

வெள்ளியங்கிரி கையிலிருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே கல்யாணப் பத்திரிகைகள்.

"எம்பட புள்ள லோகப்பிரியாவுக்கு அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கல்யாணமுங்க. சீரெல்லாம் நங்கையாதான் செய்யோணும். எங்கூட்டுல எழுதிங்கள் ஆன சீர்க்காரி அவங்க ஒருத்தருதான்."

தனபாலுக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. எழுதிங்கள் என்கிற சடங்கு முடிந்த சுமங்கலிதான் அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் முன்னால் நின்று ஒவ்வொரு சீரையும் செய்வாள். மாப்பிள்ளை வீட்டாரே அவள் கண்ணசைவுக்குக் காத்திருப்பார்கள். கணவனை இழந்த அன்றைக்கு அந்த இடம் போய்விடும். பிறகு அவள் மணவறைப் பக்கம் வருவதே இல்லை.

"அண்ணன் இருக்காருன்னா நங்கையா தாராளமா செய்யட்டுமுங்க. இல்லாம இருந்து, அவங்களும் தெரியாமச் செஞ்சு, நாளைக்கு சமாச்சாரம் வந்துச்சுன்னா? எம்பட புள்ளைக்கு ஒரு தலைவலின்னாலும் ஊரு அதைத்தான் சொல்லும். பழி நங்கையா தலையிலதான் உழும். கல்யாணத்துக்கு முன்னாடி எனக்கு ஒரே ஒரு வார்த்தை வேணுமுங்க. இருக்காரா, இல்லையா?"

தனபால் அண்ணனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "கார்ல என்ன கோளாறு இருந்துச்சு?" என்று கேட்டான்.

வெள்ளியங்கிரி கொஞ்சம் திகைத்தார். பிறகு சட்டைப் பையைத் துழாவி, அண்ணன் கடைந்து மிச்சம் வைத்துவிட்டுப் போன ஒரு போல்ட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். சுண்டுவிரலின் ஒரு கணு நீளம். நடுவில் ஒரு படி இறங்கி, பாதி தடிமனாகவும் பாதி ஒல்லியாகவும் இருந்தது.

"கியர் தண்டையும் கியர் பெட்டியையும் சேர்த்துப் புடிக்கறது இதுதானுங்க. கம்பெனிச் சரக்கு கெடைக்கறதே இல்லை. அண்ணனே லேத்துல கடைஞ்சு மாட்டிக்குவாரு. என்ன இருந்தாலும் கடைஞ்சது கடைஞ்சதுதானுங்களே? வருஷத்துக்கு ஒண்ணு ஒடைஞ்சிரும். ஒடைஞ்சா ஒரு கியரும் உழாது. நின்ன இடத்துலயே நிக்கோணும்."

அந்த நிமிடமே தனபால் சென்னிமலையைத் தேடுவதை விட்டுவிட்டு போல்ட்டைத் தேட ஆரம்பித்தான். ஒன்றரை வருடத்தில் அது கட்டாயம் உடைந்திருக்கும். காரை வைத்திருப்பவன் யாராக இருந்தாலும் இன்னொன்றுக்கு அலைந்தே ஆக வேண்டும். மேட்டுப்பாளையம் சாலையில் ஒரு கடை, டவுன்ஹாலில் ஒன்று, உக்கடத்தில் இரண்டு. இருந்ததையெல்லாம் வாங்கினான். எவராவது கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லிவிட்டு எனக்குத் தகவல் கொடுங்கள் என்று சொல்லி வைத்தான். அந்த வாரமே நாலு கடையிலிருந்தும் ஒரே தகவல் வந்தது. ஒரு பெண் உடைந்த போல்ட்டோடு வந்து கேட்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் புரியலைங்க சார்," என்றாள் கிருபா, ரேடியேட்டர் இடுக்கில் கண்ணை வைத்தபடி. "கோயமுத்தூர்ல எவனாவது போல்ட்டுக்குக் கடை கடையா ஏறுவானா? தெருவுக்கு நாலு லேத். மாதிரியைக் காட்டினா டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள கடைஞ்சு கையில கொடுத்துருவாங்க. எங்க சர்ச் மணியோட நாக்கையே லேத்துலதான் கடைஞ்சோம்."

"அதான் விஷயம். ரசாக் பாய் அவளை லேத்துக்குப் போகச் சொன்னாரு. அவ மாட்டேன்னுட்டா."

"ஏன்?"

"அந்தப் போல்ட்டை ஆவாரம்பாளையத்திலேயோ கணபதியிலேயோ எந்தக் கடைசல்காரன்கிட்ட காட்டினாலும், 'இது சென்னிமலை அண்ணன் வண்டி போல்ட்டாச்சே'ன்னு சொல்லுவான். வருஷா வருஷம் அவரு கடைஞ்சதை எல்லாரும் பார்த்திருக்காங்க. திருடனுக்கு அது தெரியாது. அவன் நேரா லேத்துக்குப் போயிருப்பான். லேத்தைக் கண்டு பயப்படற ஆள் ஒருத்தர்தான் இருக்க முடியும்."

கிருபா திரும்பிப் பார்த்தாள். "அப்ப சென்னிமலை உயிரோட இருக்காரு."

"இருக்கணும்."

"கொஞ்சம் சந்தோஷமாச் சொல்லுங்க சார்."

"சந்தோஷமாத்தான் சொன்னேன்."

வாசலில் நிழல் விழுந்தது. நாற்பது வயதுப் பெண். வெளுத்த சேலை, கையில் ஒயர் கூடை. கால் கணுக்கால் வரை சாம்பல் நிறத்தில் தூசி படிந்திருந்தது.

"ஏனுங்க, அந்தச் சாமான் வந்துருச்சுங்களா?"

"வா சின்னத்தாயி," என்றார் ரசாக். "உன்னோட போல்ட்டுக்காக லண்டனுக்கே ஆள் அனுப்பினேன். நீ லேத்துக்குப் போயிருந்தா இந்நேரம் பத்து கடைஞ்சிருக்கலாம்."

"லேத்து வேண்டாமுங்க. லேத்துப் பக்கமே போகப்படாதுன்னு சொல்லி அனுப்பிச்சாங்க."

"யாரும்மா அந்தப் புண்ணியவான்?"

அவள் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்தாள். உடைந்த போல்ட் இரண்டு துண்டாக அவள் உள்ளங்கையில் கிடந்தது. தனபால் ஏற்கெனவே கொடுத்திருந்த ஒன்றை ரசாக் டிராயரிலிருந்து எடுத்து வைத்தார். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். படியைத் தடவினாள். மரையை நகத்தால் சுரண்டினாள்.

"இதேதானுங்க," என்றாள். ரசாக் சொன்ன விலையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டுப் படியிறங்கினாள்.

"பேரம் பேசலை," என்றாள் கிருபா எழுந்துகொண்டே. "உக்கடத்துல இதுவே பெரிய குற்றம் சார். இதுக்கே உள்ள தள்ளலாம்."

மதுக்கரை பஸ்ஸைத் தனபாலின் ஸ்கூட்டர் பின்தொடர்ந்தது. குனியமுத்தூர் தாண்டியதும் காற்று மாறியது. சிமெண்ட் ஆலை நெருங்க நெருங்க வேப்பிலைகள், ஓட்டுக்கூரைகள், கம்பி வேலிகள் எல்லாமே ஒரே நிறத்துக்கு வந்தன. சாம்பல் பூசிய மாடு ஒன்று சாம்பல் பூசிய புல்லைத் தின்றுகொண்டிருந்தது.

"இங்க வெள்ளைச் சட்டை போட்டவனுக்கும் கறுப்புச் சட்டை போட்டவனுக்கும் சாயங்காலம் வித்தியாசம் தெரியாது," என்றாள் கிருபா. "ஒளிஞ்சுக்க நல்ல ஊருதான். நின்னாப் போதும், ஊரே மேல பூசி விட்டுரும்."

சின்னத்தாயி இறங்கி, ஆலைச் சாலையை விட்டு விலகி, சுண்ணாம்புக்கல் உடைத்துக் குவித்த பொட்டலைக் கடந்தாள். அதன் கடைசியில் தகரக் கூரை போட்ட குடோன் ஒன்று இருந்தது. பெரிய கதவு ஒருக்களித்திருந்தது. அவள் உள்ளே போனாள்.

தனபால் ஸ்கூட்டரைக் கற்குவியலுக்குப் பின்னால் நிறுத்தினான். இருவரும் பக்கவாட்டு ஜன்னலுக்கு நடந்தார்கள். கண்ணாடி இல்லை. கோணி தொங்கியது. கிருபா அதை விரலால் விலக்கினாள்.

இருட்டுக்குக் கண் பழகியதும் கார் தெரிந்தது. இளநீலம் என்று சொன்னால்தான் தெரியும். அவ்வளவு தூசி. கண்ணாடி மட்டும் துடைத்திருந்தது. முன்கதவு ஒன்று அகலத் திறந்திருந்தது. ஹெரால்டில் கியர் பெட்டியை உள்ளிருந்தே கழற்ற வேண்டும். முன் சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் மூடியை எடுத்துவிட்டு, யாரோ குறுக்கே படுத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஸ்பானர் சுற்றும் சத்தம் வந்தது. திறந்த கதவுக்கு வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"சார்," கிருபாவின் குரல் மூச்சாக வந்தது. "கால் ஆடுது. உயிரோட இருக்கிற கால். வெள்ளியங்கிரி அய்யாகிட்டச் சொல்லிக் கல்யாண விருந்துல நம்மளை முதல் பந்தியில உட்கார வைக்கச் சொல்லணும்."

பத்து நாளில் முதல் தடவையாக அவள் கேலியில்லாமல் சிரித்தாள். தனபால் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"இரண்டாவது விரலைப் பாரு," என்றான்.

மெட்டி.

கிருபா கோணியை விட்டுவிட்டாள்.

அவன் சுற்றிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினான். சின்னத்தாயி, "அம்மா!" என்று பதறினாள். ஸ்பானர் நின்றது. பாதங்கள் தரையைத் தேடின. உள்ளிருந்து ஒரு பெண் மெதுவாக எழுந்து வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும். சேலையை இழுத்துச் செருகியிருந்தாள். முழங்கை வரை கிரீஸ். ஓடிப்போகவோ கத்தவோ அவள் முயலவில்லை. வேலையின் நடுவில் யாரோ கூப்பிட்டதைப் போலப் பார்த்தாள்.

கல்யாணப் பத்திரிகையோடு வெள்ளியங்கிரி கொடுத்த குடும்பப் படத்தில் தனபால் அந்த முகத்தைப் பார்த்திருந்தான். வள்ளியாத்தாள்.

"ஆருங்க நீங்க?"

"என் பேர் தனபால். உங்க கொழுந்தனார் வெள்ளியங்கிரி அனுப்பினாரு. உங்க வீட்டுக்காரரைத் தேடச் சொல்லி."

அவள் தலையசைத்தாள். பக்கத்திலிருந்த சாக்கின் மேல் உட்கார்ந்தாள். "சின்னத்தாயி, இவங்களுக்குத் தண்ணி குடு," என்றாள். "நீயும் உக்காரு கண்ணு," என்றாள் கிருபாவிடம்.

கிருபா உட்கார்ந்தாள்.

தனபால் காரைப் பார்த்தபடி நின்றான். சென்னிமலை ஈரோட்டில் மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டார் என்பதை வெள்ளியங்கிரி பார்க்கவில்லை. அவர் வடக்கே போனதை யாருமே பார்க்கவில்லை. அத்தனையும் இந்த அம்மாள் வந்து சொன்னது. போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவன் அதை ஒரு தடவைகூடத் திருப்பிப் பார்க்கவில்லை. அந்தப் போல்ட்டை லேத்துக்காரர்கள் அடையாளம் கண்டுவிடுவார்கள் என்று தெரிந்தவர் சென்னிமலை மட்டும்தானா? அவரோடு முப்பது வருடம் வாழ்ந்தவளுக்குத் தெரியாதா?

"அவர் எங்கேங்க?" என்று கேட்டான்.

"கொடுமுடியிலங்க."

"கொடுமுடியில எங்கே?"

"ஆத்துல."

அவள் சேலைத் தலைப்பில் விரல்களைத் துடைத்தாள். கிரீஸ் போகவில்லை. மறுபடி துடைத்தாள்.

"கோயிலுக்குப் போனோமுங்க. குளிச்சுப்போட்டு வாரேன்னு எறங்குனாரு. நான் சட்டையை மடியில வெச்சுக்கிட்டுப் படியில உக்காந்திருந்தேன். நீச்சல் தெரியாத ஆளு இல்லீங்க. சுழி இழுத்துருச்சு. அக்கட்ட ரெண்டு தோட்டம் தள்ளிப் பரிசல்காரங்க எடுத்துப்போட்டாங்க. கூட்டம் கூடிப்போச்சு. போலீஸ்காரரு வந்து, 'இவர ஆருக்காச்சும் தெரியுமா'ன்னு கேட்டாரு. நான் முன்னாடிதான் நின்னுக்கிட்டிருந்தேன்."

"நீங்க சொல்லலையா?"

"வாய் வரலீங்க."

வெளியே ஆலைச் சங்கு ஊதியது. அது நிற்கும் வரை அவள் காத்திருந்தாள்.

"ஆருக்கும் தெரியாதுன்னு எழுதிக்கிட்டு எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. நான் வந்து கார்ல உக்காந்தேன். சாவி அவரு சட்டையில இருந்துச்சு. தோட்டத்துல எனக்கு ஓட்டப் பழக்கி விட்டது அவருதான். நேரா இங்க வந்துட்டேன். எங்கண்ணன் குடோனுங்க இது. கல்லு யாவாரம் நின்னதுலருந்து பூட்டிக் கெடக்குது, சின்னத்தாயிதான் காவலுக்கு இருக்கறா. இந்த வாசல்ல வரையில டக்குன்னு ஒரு சத்தம். போல்ட்டு போயிருச்சு. அப்புறம் பஸ் ஏறி ஊட்டுக்குப் போனேன். 'எங்க நங்கையா அண்ணன்'னு கேட்டாரு கொழுந்தனாரு. மிஷின் பார்க்கப் போயிருக்காருன்னு சொல்லிப்போட்டேன்."

"ஒரு தடவைகூட அழலீங்களாம்மா?" கிருபா தன்னை மீறிக் கேட்டுவிட்டாள்.

"வரமாட்டேங்குது அம்மணி. வருமுன்னு நானும் பாத்துக்கிட்டே இருக்கறேன்."

தனபால் காரைக் காட்டினான். "இப்ப காரை எங்க கொண்டுபோய் ஒளிக்கப் போறீங்க?"

முதல் முறையாக அவள் முகத்தில் ஏதோ மாறியது. கோபம்கூட இல்லை. ஆச்சரியம்.

"ஒளிக்கறதுக்கு எதுக்குங்க ரிப்பேரு? இங்கயே கெடந்தாப் போதாதுங்களா? ஊட்டுக்குக் கொண்டு போறேன்."

"வீட்டுக்கா?"

"வெள்ளிக்கிழமை புள்ளைக்குக் கல்யாணமுங்க. நான் முன்னாடி நின்னு சீர் செய்யோணும். ஆத்துல போனவரு பொண்டாட்டி, புருஷன் இருக்கறவ மாதிரி நின்னு அந்தப் புள்ள தலையில கை வெக்கறதுக்கா? என்னால முடியாதுங்க. எத்தனையோ தடவ சொல்லிப்போடலாமுன்னு கொழுந்தனாரு முன்னாடி போய் நின்னேன். கொடுமுடியில நின்ன மாதிரியே நின்னேன். வாய் வரலை. அதுதான் வண்டியைக் கொண்டுபோய் வாசல்ல நிறுத்திப்போடலாமுன்னு முடிவு பண்ணுனேன். அவரு இல்லாம வண்டி மட்டும் வந்து நின்னா, நான் எதுக்குச் சொல்லோணும்? அதே சொல்லிப்போடும்."

"லாரியில கட்டி இழுத்துக்கிட்டுப் போயிருக்கலாமே?"

"பொணத்தை இழுத்துக்கிட்டுப் போற மாதிரியா? அது ஓடி வரோணுமுங்க. லேத்துல குடுத்தா, நான் போறதுக்கு முன்னாடி ஊரு போய்ச் சொல்லிரும். போன வாரமே முடிச்சிருப்பேன். ஆரோ ஒரு கிறுக்கன் ஊர்ல இருந்த போல்ட்டு அத்தனையும் வாங்கிப்போட்டானாம். கடைக்காரங்க சொன்னாங்களாம். இவ அலைஞ்சு அலைஞ்சு கால் தேஞ்சு போச்சு."

சின்னத்தாயி ஆமாம் என்று தலையாட்டினாள்.

கிருபா தனபாலைப் பார்க்கவில்லை. அவனுடைய சட்டைப் பையில் மீதி மூன்று போல்ட்டுகள் கனத்தன. கோயமுத்தூரிலேயே மிகச் சாமர்த்தியமான யோசனை என்று அவன் நினைத்தது, இந்த அம்மாள் போன வாரமே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கக்கூடிய வழியை அடைத்து வைத்திருந்தது. பந்தல் போடுவதற்கு முன்னால், பத்திரிகை பாதி பேருக்குப் போவதற்கு முன்னால்.

"அந்தக் கிறுக்கன் நான்தாங்க," என்றான்.

வள்ளியாத்தாள் சாக்கிலிருந்து எழுந்தாள். பிறகு, "சரி," என்றாள். "டார்ச்சு புடிங்க. எப்பவும் நான்தான் புடிப்பேன், அவரு மாட்டுவாரு. தனியாப் புடிச்சுக்கிட்டு மாட்டறதுக்குக் கை பத்தமாட்டேங்குது."

தனபால் டார்ச் பிடித்தான். அவள் மறுபடி குறுக்கே படுத்தாள். போல்ட் மூன்று முறை வழுக்கி விழுந்தது. நான்காவது முறை உட்கார்ந்தது. அவள் கியர் தண்டைப் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளிப் பார்த்தாள். கியர் விழுந்தது. அதற்காகவும் அவள் முகம் மாறவில்லை.

பேட்டரிக்குச் சின்னத்தாயி முந்தின நாளே சார்ஜ் ஏற்றி வந்திருந்தாள். இன்ஜின் நாலைந்து தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

"கொழுந்தனாருக்கு நீங்க போன் பண்ணிப்போடாதீங்க," என்றாள் வள்ளியாத்தாள், ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து. "அவரு உங்ககிட்டத்தான் கேட்டாரு. தெரியுமுங்க. ஆனா இது நான் கொண்டு போகோணும்."

"சீர்?" என்றாள் கிருபா. "சீர் யாரும்மா செய்வாங்க?"

"பாவாத்தாள்னு எங்க பங்காளி ஊட்டுப் பொண்ணு. போன வருஷந்தான் எழுதிங்கள் ஆச்சு. எதுக்கு அடுத்து எதுன்னு எல்லாம் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கறேன். எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது."

சின்னத்தாயி அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். கார் தூசியை உதறிக்கொண்டு வெயிலுக்கு வந்தது. பாலக்காடு சாலையில் ஏறும்போது மெல்ல நீலம் தெரிய ஆரம்பித்தது.

ஸ்கூட்டர் பின்னால் போனது. குனியமுத்தூர், உக்கடம், பிறகு அவினாசி சாலை. வள்ளியாத்தாள் ஒழுங்காக ஓட்டினாள். சிக்னலில் நின்றாள். சைகை காட்டித் திரும்பினாள். கிருபா பின் சீட்டில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவளைச் சம்பளத்துக்கு வைத்த நாளிலிருந்து இப்படி ஒரு பயணம் தனபால் போனதில்லை.

ஆவாரம்பாளையத்தில் கடைசல் பட்டறைகள் வரிசையாக இரைந்துகொண்டிருந்தன. முதல் பட்டறை வாசலில் ஒரு ஆள் நிமிர்ந்து பார்த்தான். இரண்டாவதில் ஒருவன் மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தான். ஒருவன் கையை உயர்த்தி ஏதோ கூவினான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

தனபாலுக்கு அப்போதுதான் உறைத்தது.

"கிருபா, அந்தக் காரைப் பார்த்தா அவங்க என்ன நினைப்பாங்க?"

"ஐயோ," என்றாள் கிருபா. "முன்னாடி போங்க சார். சீக்கிரம் போங்க. நிறுத்துங்க அவங்களை."

அவன் ஆக்ஸிலரேட்டரைத் திருகினான். எதிரே மாவிலை ஏற்றிய வண்டி ஒன்று தெருவை அடைத்துக்கொண்டு வந்தது. அது விலகுவதற்குள் ஹெரால்டு தெரு முனையில் திரும்பிவிட்டது.

கல்யாண வீட்டு வாசலில் வாழைமரம் கட்டிக்கொண்டிருந்த வெள்ளியங்கிரி, முதலில் சத்தத்தைத்தான் கேட்டார். திரும்பினார். கயிறு கையிலிருந்து நழுவியது.

"அண்ணன்!" என்று கத்தினார். "ஏய், அண்ணன் வந்துட்டாருடா! லோகப்பிரியா, பெரியப்பன் வந்துட்டாரு பாரு!"

பந்தலுக்குள்ளிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தவர்கள், சமையல் பாத்திரம் இறக்கிக்கொண்டிருந்தவர்கள், தெருவே வந்தது. "ஆரத்தி கரைச்சுக்கிட்டு வா பாவாத்தா, ஓடு!" என்று எவளோ கத்தினாள். வெள்ளியங்கிரி துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே காரை நோக்கி ஓடினார். அவருக்கு முன்னால், கையெல்லாம் மஞ்சளும் மருதாணியுமாக, லோகப்பிரியா ஓடினாள்.

கார் நின்றது. இன்ஜின் அணைந்தது.

லோகப்பிரியா சிரித்தபடியே குனிந்து கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த சின்னத்தாயியைப் பார்த்தாள். பிறகு பின் சீட்டைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. மறுபடி பெரியம்மாவைப் பார்த்தாள்.

ஆரத்தித் தட்டோடு படியிறங்கிய பாவாத்தாள் பாதிப் படியில் நின்றாள். வெள்ளியங்கிரி காரின் முகப்பில் இரண்டு கையையும் ஊன்றி நின்றிருந்தார். அவர் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது.

வள்ளியாத்தாள் கதவைத் திறந்து இறங்கினாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கார் சொல்லிவிட்டது. எல்லோரும் அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். அவள் பந்தலின் நிழல் தொடங்கும் கோடு வரைக்கும் நடந்து வந்தாள். அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், வெயிலில் நின்றுகொண்டாள்.